மடிப்பு இறக்கை விமானத்தைக் கட்டியவன்

நான் ஜீப் ஓட்டுகிறவன். போடியிலிருந்து மலைமேல் இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகும் ஜீப். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "அட, டிரைவரா?" என்று புருவத்தைத் தூக்க வேண்டாம். அப்படித் தூக்கிய புருவங்களை நான் நிறையவே பார்த்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. விடிகிற நேரத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி, எட்டு மணிக்குள் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் நான்கு மணிக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். நடுவில் எட்டு மணி நேரம். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், பின்சீட்டில் காலை நீட்டித் தூங்குவார்கள், செல்போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஜீப்பின் பின்கதவை இறக்கி, அதையே மேசையாக்கிக்கொண்டு விமானம் கட்டினேன்.

ரிமோட்டில் ஓட்டுகிற விமானம். நான் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு இறக்கை இருக்கும். மூக்கில் சின்ன இன்ஜின். வானத்தில் வட்டமடிக்கவும் உருளவும் தலைகீழாகப் பறக்கவுமே ஆன ஜாதி. இதற்கென்று போட்டிகள் உண்டு. நான் சொல்வது அதிலும் பழைய விமானங்களுக்கான போட்டி. ஒரு காலத்தில் வெளிநாட்டில் யார் யாரோ வரைந்து ஓட்டிய வடிவங்களை, அந்த வரைபடத்தை வைத்தே, மரத்திலும் துணியிலும் கையால் கட்டிக் கொண்டுபோக வேண்டும். கடையில் வாங்கியது செல்லாது. படிவத்தில் 'கட்டியவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தப் பெயரும் ஓட்டுகிறவர் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அவர்தான் கட்டினார், நான் பார்த்தேன் என்று இன்னொருவர் சாட்சிக் கையெழுத்தும் போட வேண்டும்.

நான் ஓட்டிய ஜீப்பும் நான் ஆள் இறக்கிய தோட்டமும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். போடியில் ஏலக்காய் வியாபாரம், மலையில் தோட்டம், ஓய்வு நேரத்தில் இந்த விமானம். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விமானத்தைத் தூக்கிப் பிடிக்கத்தான் என்னைக் கூட்டிப்போனார். அவர் விழவைத்ததை நான் ஒட்டினேன். ஒட்டி ஒட்டி, ஒரு நாள் முழுசாக ஒன்றைக் கட்டினேன். அவர் ஓட்டுவதில் கெட்டிக்காரர், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் பசை விரலில் பட்டால் பாம்பைத் தொட்டவர்போலக் கையை உதறுவார். கட்டுவது அவருக்கு வராது.

மூன்று வருடங்களில் மூன்று விமானங்கள் கட்டினேன். மூன்று கோப்பைகள் அவர் கடையின் கண்ணாடி அலமாரியில் வரிசையாக உட்கார்ந்தன. 'கட்டியவர்' என்ற கட்டத்தில் அவர் பெயர். 'சாட்சி' என்ற கட்டத்தில் என் கையெழுத்து. யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. படிவத்தை நீட்டினார், போட்டேன். மாதம் தவறாமல் சம்பளம் தருகிறார், தீபாவளிக்கு வீட்டில் எல்லோருக்கும் துணி எடுத்துத் தருகிறார், ஒரு கையெழுத்தில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பாதி அவர்மேல், பாதி என்மேல்.

நான்காவது விமானத்தின் கதைதான் இது. முதலாளி எங்கிருந்தோ பழைய வரைபடங்களின் நகல்களை ஒரு கட்டாக வரவழைத்திருந்தார். அதில் ஒன்றைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். அதில் இறக்கை நேராக இல்லை. உடம்போடு சேருகிற இடத்திலிருந்து சாய்ந்து மேலே ஏறி, பாதி வழியில் மடங்கி, அங்கிருந்து முனைவரை தட்டையாகப் போனது. "என்னடா இது, கல்லடி பட்ட காக்கா மாதிரி இருக்கு. இதைக் கட்டினா ஊரு சிரிக்கும். ஜீப்பு கண்ணாடி துடைக்க வச்சுக்க அப்பு" என்று என் பக்கம் போட்டார்.

நான் துடைக்கவில்லை. அன்றைக்குத் தோட்டத்தில் பின்கதவின்மேல் விரித்து வைத்து, எட்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண விமானத்தில் வால் சுக்கானை மட்டும் திருப்பினால், மூக்கு திரும்பும்போது உடம்பும் கூடவே ஒரு பக்கம் சாயும். ஓட்டுகிறவர் அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மடிப்பை வரைந்தவன் அந்தச் சாய்வை இல்லாமல் ஆக்கத்தான் அப்படி மடித்திருக்கிறான். எனக்கு அது மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்தபோது தனியாகச் சிரித்தேன். பார்வைக்காக வரைந்த இறக்கை இல்லை அது. ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்று எவனோ துணிந்து வரைந்திருக்கிறான். அவனை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

கட்ட ஆரம்பித்ததும் என் ஜீப்பில் வரும் பெண்களுக்குப் பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. தக்கைபோல லேசான மரத்தில் எலும்பெலும்பாகச் செய்து, அவற்றைக் கோத்து, மேலே மெல்லிய துணி ஒட்ட வேண்டும். இறக்கையை எங்கேயும் வைத்துவிட முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் பெண்களின் மடியில்தான் குறுக்காகக் கிடக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தி, "ஏண்ணே, இது ஒடிஞ்சுதான் கெடக்கு, இன்னும் எதுக்குப் பத்திரம்?" என்பாள். "இதுக்கு மாவுக்கட்டுப் போட்டுருவோமா?" என்பாள் இன்னொருத்தி. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்காகவே கேட்பார்கள். நான் வள்ளென்று விழுவேன், அவர்கள் பூப்பாறை வரைக்கும் சிரித்துக்கொண்டு வருவார்கள்.

அந்தக் கோபம் ஒருமுறை என் தலையிலேயே விழுந்தது. மலையில் விடாத மூடுபனி. துணி ஒட்டி வார்னிஷ் அடித்த இறக்கை மூன்று நாளாகியும் பிசுபிசு என்றே இருந்தது. தோட்டத்தில் ஸ்டோர் இருக்கிறது, அதாவது பச்சை ஏலக்காயைத் தட்டு தட்டாக அடுக்கிச் சூட்டில் உலர்த்தும் அறை. என் மூளைக்கு அதுதான் வசதியாகத் தோன்றியது. சாயங்காலம் கிளம்பும்போது இறக்கையை ஒரு காலித் தட்டில் வைத்து, "யாரும் தொட்டா கையை ஒடிச்சுப்புடுவேன்" என்று பொதுவாகக் கத்திவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் இடது இறக்கை முனை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அடியில் சூடு, மேலே ஈரம். ஸ்டோரில் வேலை செய்கிற ஒரு அக்கா, என் ஜீப்பில் தினமும் முன்சீட்டில் வருபவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, ஸ்டோருல தட்டு மாத்தாம எதையாச்சும் காய வைப்பாகளா? கீழ்த் தட்டை மேல, மேல்த் தட்டைக் கீழ மாத்தி மாத்தி வைக்கணும்னு நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும்."

"நீங்க மாத்தி வச்சிருக்கலாம்லக்கா?"

"தொட்டா கையை ஒடிப்பேன்னு சொல்லிட்டுல்ல போனீக. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

அந்த அக்காவே முறுக்கிய இடத்தில் ஈரத்துணி போர்த்தி, எதிர்ப்பக்கமாகத் திருகி, நேரான பலகையில் வைத்துக் கட்டினார். இரண்டு நாள், காய்த் தட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் திருப்பி வைத்தார். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன். முறுக்கு போயிருந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். "ஒடிஞ்ச றெக்கைக்கு விசேசமா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.

சிலமலைக்குப் பக்கத்தில் தண்ணீர் வற்றிய கண்மாய் ஒன்றில்தான் நாங்கள் ஓட்டுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியும் வந்திருந்தார். முதலில் அவர் விமானத்தை ஓட்டினார். பிறகு நான் கோணிக்குள்ளிருந்து என்னுடையதை எடுத்து இறக்கையை மாட்டினேன். அவர் சிரிக்க வாயைத் திறந்தார். அதற்குள் இன்ஜின் பற்றிக்கொண்டது.

நான் இதுவரை ஓட்டிய எதுவும் அப்படிப் போனதில்லை. காற்று மலையிலிருந்து குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. தலைகீழாகத் திருப்பினேன், கோடு போட்டதுபோலப் போயிற்று. ஒரு இறக்கை வானத்தையும் ஒரு இறக்கை தரையையும் பார்க்க ஒருக்களித்து வைத்துச் சுக்கானை மட்டும் பிடித்தேன். கண்மாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை துளிகூட உருளாமல் போனது. இறக்கியதும் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளி இறக்கையைத் தடவிப் பார்த்தார். "இது அந்தக் காகிதமா?"

"ஆமா மொதலாளி. கண்ணாடி துடைக்கக் குடுத்தீகளே, அதேதான்."

"பிரமாதம் அப்பு. இந்த வருசம் இதை நான் ஓட்டுறேன். நீ எப்பவும்போலப் பக்கத்துல நின்னு அடுத்து எந்த வித்தைன்னு சொல்லு."

"இதை நான் ஓட்டுறேன் மொதலாளி. போட்டிக்கு."

"நீயா?"

"ஏன், ரிமோட்டு எங் கையில பட்டா ஷாக் அடிக்குமா?"

அவர் இறக்கையிலிருந்து கையை எடுத்தார். எனக்கு ஜீப் வேலை போய்விடும் என்று தோன்றியது. ஆனால் தலையை ஆட்டினார். "சரி அப்பு, ஒன் இஷ்டம். நான் போன வருசத்து விமானத்தை ஓட்டுறேன். ரெண்டு பேருமா போவோம்." எனக்கு வெட்கமாகப் போயிற்று. நல்ல மனுஷனிடம் வெடுக்கென்று பேசிவிட்டோமே என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். அவள் போடியில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். கெட்ட காயைப் பார்க்காமலே விரலால் தள்ளிவிடுவாள். "அவரு எதுக்குச் சரின்னாருன்னு யோசிங்க. ஜீப்பு போனா போகுது, வளைவுல ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கா போடியில ஸ்டீயரிங் கெடைக்காது?" என்றாள். நான் அவளைத்தான் திட்டினேன்.

போட்டி கோவைக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில். முதலாளியின் ஜீப்பில், பின்னால் இரண்டு விமானங்களைக் கட்டிவைத்து, நானே ஓட்டிக்கொண்டு போனேன். என் படிவத்தில் கட்டியவர், ஓட்டுபவர் இரண்டிலும் என் பெயரை எழுதியிருந்தேன். சாட்சிக் கையெழுத்து ஸ்டோர் அக்காவுடையது. என் பெயரை எழுதும்போது கை எழுத்துக் கற்றுக்கொள்கிற பிள்ளையின் கைபோல மெதுவாகத்தான் போயிற்று.

பறப்பதற்கு முன் ஒவ்வொரு விமானத்தையும் மேசையில் வைத்துப் பரிசோதிப்பார்கள். தலைமை நடுவர் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா. மூன்று வருடமும் எங்களைப் பார்த்தவர். முதலாளியின் விமானத்தைப் பார்த்துவிட்டு அடுத்து என்னுடையதற்கு வந்தார். மடிப்பு இறக்கையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இந்த வடிவத்தை நேர்ல பாக்குறது இதுதானுங்க முதல் தடவை" என்றார். பின்விளிம்பில் மேலும் கீழும் அசைகிற பட்டையை விரலால் அசைத்துப் பார்த்தார். அங்கே விரல் நின்றுவிட்டது.

அந்தப் பட்டையை இறக்கையோடு சேர்ப்பதற்கு இப்போதெல்லாம் பிளாஸ்டிக் கீல் வைக்கிறார்கள். பழைய முறை நூலால் தைப்பது. நான் எப்போதும் தைப்பேன். மூன்று தையலுக்கு ஒரு பூட்டுப் போடுவேன். டிரைவர் ஆவதற்கு முன் போடியில் ஏலக்காய் மூட்டை தைக்கிற வேலையில் ஐந்து வருடம் இருந்தேன். மாதிரி எடுக்க மூட்டையின் ஒரு ஓரத்தைப் பிரித்தால் மீதித் தையல் ஓடிவிடக் கூடாது. அதற்காகப் போடுகிற பூட்டு அது. இறக்கையில் நான் போட்டதும் அதைத்தான்.

அந்த அம்மா முதலாளியின் விமானத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார். மறுபடி என்னுடையதைப் பார்த்தார். "இந்தத் தையலை நான் எங்க வேணும்னாலும் அடையாளம் சொல்லுவேனுங்க. மூணு வருசமா இவரு விமானத்துல பாத்துட்டு வர்றேன். ரெண்டும் ஒரே கை பண்ணுனதுங்க." பிறகு என்னிடம், "கட்டுனவருன்னு உங்க பேரை எழுதியிருக்கீங்களே?" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. ஒரே கை என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அந்தக் கை முதலாளியுடையது என்று நினைக்கிறார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்க டிரைவருங்கம்மா. நல்ல பையன். தானும் ஓட்டணும்னு ஆசைப்பட்டான். நான்தான் கட்டிக் குடுத்தேன். விதி இவ்வளவு கறார்னு அவனுக்குத் தெரியாது. அவன் பேரை எடுத்துருங்க, மன்னிச்சு விட்டுருங்க."

நல்ல பையன்! எனக்கு நாற்பத்தாறு வயது. அவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், விட்டுவிடு அப்பு என்று. மூன்று படிவங்களை நீட்டியபோதும் அதே பார்வையைப் பார்த்திருக்கிறேன். அவர் எதற்குச் சரி என்றார் என்பது அப்போதுதான் உறைத்தது. டிரைவர் கட்டினான் என்றால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள், எப்படியும் தடுத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லோருடைய புருவமும் மேலே ஏறியிருந்தது.

என் சாமான் பெட்டியைத் திறந்து சின்னக் கத்தரியை எடுத்தேன். இடது இறக்கையின் பட்டையைத் தைத்திருந்த நூலை, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, பூட்டுப் பூட்டாக வெட்டினேன். பட்டை கழன்று என் கையில் வந்தது. யாரோ "அய்யோ" என்றார்கள். ஊசியையும் நூல்கண்டையும் எடுத்து முதலாளியிடம் நீட்டினேன்.

"தைங்க மொதலாளி."

"என்ன அப்பு இது, கிறுக்குத்தனமா..."

"நீங்க கட்டுனதுதானே. அஞ்சு நிமிசச் சோலி. தைங்க."

அவர் ஊசியை வாங்கினார். வாங்காமல் இருக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கில் மூட்டை விற்ற மனுஷன். ஒரு மூட்டையின் வாயைக்கூடத் தைத்ததில்லை. நூலை ஊசியின் காதருகே கொண்டுபோனார், தவறியது. மறுபடி கொண்டுபோனார். "கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த அம்மா அந்தப் பையைப் பார்த்தார். பிறகு ஊசியை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார்.

நான் தைத்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, மேலே ஒன்று, பூட்டு. கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்து, பட்டையை அசைத்துக் காட்டினேன். அந்த அம்மா இரண்டு விமானங்களையும் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார்.

"அப்ப, முன்னாடி ஜெயிச்ச அந்த மூணு?"

முதலாளி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன். "மூணும் நான் கட்டுனதுதாம்மா."

"அதுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானுங்களே."

"ஆமாம்மா. பொய்க் கையெழுத்து."

அவர் பெருமூச்சு விட்டார். அவருக்கு என்மேல் இரக்கம் வந்தது என்று தெரிந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை. "பொய்ச் சாட்சி போட்டவருக்கும், அது தெரிய வர்ற வருசம் இடமில்லைன்னு விதி இருக்குங்க. இப்ப நீங்க சொன்னதை நான் எழுதுனா, அவரோட சேர்த்து நீங்களும் வெளிய போகணும். எழுதலைன்னா இந்த விமானத்தை நீங்க ஓட்டலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்க் கையெழுத்து. "எழுதுங்கம்மா" என்றேன். "நாலையும் எழுதுங்க."

எழுதினார். எழுதி முடித்ததும் பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். "சாப்பாட்டு நேரத்துல மைதானம் சும்மாதானுங்க கிடக்கும். மார்க்கெல்லாம் கிடையாது. ஓட்டணும்னா ஓட்டிக்குங்க."

ஓட்டினேன். பக்கத்தில் நின்று அடுத்து என்ன என்று சொல்ல ஆள் இல்லை, நானே எனக்கு உரக்கச் சொல்லிக்கொண்டேன். போட்டிக்கென்று பழகிய வரிசை முழுவதையும், ஒன்றையும் விடாமல், இன்ஜின் எண்ணெயில் கலக்கிற விளக்கெண்ணெயின் புகை மைதானம் முழுக்க மணக்க மணக்க ஓட்டினேன். நடுவில் ஒரு வட்டம் கொஞ்சம் கோணிப்போயிற்று. அதற்காக யாரும் குறைக்கவில்லை, குறைக்க மார்க் இல்லை. நடுவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலுக்கு வந்து நின்றார்கள். இறக்கிவிட்டு வந்தபோது எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்ததா சந்தோஷத்தில் வந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, வந்தது.

முதலாளி ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தார். "வண்டியை எடு அப்பு, கெளம்புவோம். நடந்ததை வீட்டுல போயிப் பேசிக்குவோம்" என்றார். அப்போதும் நான்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று இருந்தார். சாவியை அவர் மடியில் வைத்தேன். என் விமானத்தையும் பெட்டியையும் இறக்கிக்கொண்டேன். "இதையாவது நீங்க ஓட்டிக் காட்டுங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். அந்த ஒரு வார்த்தை அதிகம் என்று மனைவி பின்னால் சொன்னாள். இருக்கலாம். நான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

கிளம்புவதற்கு முன் அந்த அம்மாவிடம் அவர் எழுதிய தாளின் நகலைக் கேட்டு வாங்கியிருந்தேன். மேலே 'தகுதி நீக்கம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கீழே நான்கு விமானங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கட்டியவர்' என்ற கட்டம். போடியில் லேமினேஷன் கடையில் கொடுத்தபோது, கடைக்காரர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "அண்ணே, தோத்ததையா லேமினேட் பண்றீக?" என்று கேட்டார். "கீழ படிங்க" என்றேன். படித்தார். நான்கு கட்டத்திலும் ஒரே பெயர். மூன்று வருடமாக வேறு ஒருவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் எழுதப்பட்ட முதல் தாள் அதுதான்.

இப்போது பக்கத்தில் தேவாரம் என்ற ஊர்க்காரர் ஒருவரின் ஜீப்பை ஓட்டுகிறேன். வேறு தோட்டம், வேறு பெண்கள். பின்கதவு கொஞ்சம் சின்னது, இறக்கையைக் குறுக்காகப் போட்டுத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. முதலாளி என்னை வழியில் பார்த்தால் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். டிரைவர் துரோகம் பண்ணிவிட்டான் என்று கடைத்தெருவில் சொல்வதாகக் கேள்வி. சொல்லட்டும்.

அந்தத் தடை ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த போட்டியில் எனக்கு இடம் உண்டு, போகப் போகிறேன். அவருக்கும் இடம் உண்டு. தாராளமாக வரட்டும். ஒன்றைக் கட்டிக்கொண்டு வரட்டும்.